துரை கேட்கட்டும்

துரை மேஜையை ஓங்கித் தட்டினார். டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் ஓடியது. அம்மா அதைத் துடைக்கவும் இல்லை, அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. டிவி ரிமோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு போனில் கிசுகிசுத்தாள்.

"லீவு நாள்னு பாக்காம தொந்தரவு பண்றேன் மேடம். துரை ஆரம்பிச்சுட்டார்."

மறுமுனையில் இருந்தவர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட். "ஓ, வீட்டுல துரைன்னுதான் பேரா?" என்று சிரித்தார்.

"பண்றது பூரா துரைத்தனம்தானே மேடம். ரிமோட் வேணுமாம். ம், ம்-னு கையை நீட்டறதோட சரி."

"கார்டு எங்க?"

"மூக்குக்கு நேரா இருக்கு. திரும்பிக்கூடப் பாக்கல."

கார்டு என்பது உள்ளங்கை அளவு அட்டை. தண்ணீர், பிஸ்கட், ரிமோட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வேண்டியதன் படத்தை எடுத்து அம்மா கையில் வைத்தால், வேண்டியது உடனே கிடைக்கும். பேச்சு வராவிட்டாலும் கேட்கத் தெரிந்துவிடும். கத்தினாலும் தட்டினாலும் ஒன்றும் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று தெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு இது வாழ்வா சாவா விஷயம். பசியா, தாகமா, தலைவலியா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இன்றைக்கு ஒரு தட்டலுக்கு மசிந்துவிட்டால், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

துரை எழுந்தார். அம்மா ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அவர் கார்டை எடுத்து ஒரே வீச்சாக வீசினார். அது சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது.

"மேடம், கார்டு பறந்துருச்சு!"

"பதறாதீங்க. முகத்துல கோபம் தெரியக்கூடாது. முதல்ல அப்படியே தூக்கி நாற்காலியில உக்கார வைங்க."

"தூக்கறதா? என்னால ஆகாது மேடம். சாப்பாட்டுல மட்டும் ஒரு குறையும் வைக்கறதில்ல."

"சரி, தானா உக்காரட்டும். ஒளிச்சு வைக்காதீங்க, ரிமோட் துரை கண்ணுல படணும். நீங்க எதிர்ல இருங்க. பின்னாடி ஒரு ஆள் நின்னு, கையைப் பிடிச்சுக் கார்டை எடுக்க வைக்கணும். ஆள் இருக்கா?"

"இருக்கு மேடம். நல்லாப் பழகின கை."

"கெஞ்சக்கூடாது, அதட்டக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"அந்தக் கவலையே வேணாம். வாயே திறக்கறதில்ல."

சோபாவுக்கு அடியில் போன கார்டு மேஜைக்குத் திரும்பி வந்தது. துரை சுவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது. உதறினார். மறுபடி பிடித்தது. மறுபடி உதறினார். பிடித்த கைக்குக் கோபமும் வரவில்லை, அவசரமும் இல்லை.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று ரிமோட் கொஞ்சம் முன்னால்கூட நகர்ந்துவிட்டது.

"கொடுத்துடாதீங்க!" என்றது போன், கண்ணால் பார்த்ததைப் போல.

துரை பெரிதாக ஒரு மூச்சு விட்டார். விரல்கள் கார்டைத் தொட்டன, எடுத்தன. வேண்டாவெறுப்பாக மேஜையைத் தாண்டி வந்து, அம்மாவின் உள்ளங்கையில் கார்டை வைத்தன.

"ரிமோட்டா! இந்தாங்க ரிமோட்!" என்று கூவி, அந்த நொடியே கொடுத்துவிட்டாள். டிவி அலற ஆரம்பித்தது.

"மேடம்! கேட்டாச்சு! கேட்டு வாங்கியாச்சு!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சபாஷ்! இந்தச் சின்ன வயசுலயே பழகிட்டா, அப்புறம் கவலையே இல்ல," என்றார் தெரபிஸ்ட். "என் சார்பா பையனுக்கு ஒரு முத்தம் கொடுங்க."

அம்மா குனிந்து, போனில் கேட்கும்படி அழுத்தமாக ஒன்று கொடுத்தாள்.

"கொடுத்துட்டேன் மேடம். அவன்தானே பின்னாடி நின்னு அவங்கப்பா கையைப் பிடிச்சான்!"