ஆறாவதுக்கு மட்டும் சூடு

எட்டில் ஏழுக்கு உடம்பு சாதாரணமாகத்தான் இருந்தது. ஆறாவதுக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவே இல்லை. கௌதம் காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"இப்ப எவ்வளவுடா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ஜோதிமணி.

"தொண்ணூத்தாறுக்கா. மத்ததெல்லாம் அறுவதுல நிக்குது."

"தொட்டில் கட்டி ஆட்டிப் பாரேன். பெத்தவன்கூட இப்படிக் காவல் இருக்க மாட்டான்."

ஓசூர் சிப்காட்டில் பைக்குகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. ஜோதிமணி படம் வரையும் டிசைன் அறைக்கு வந்த புது கம்ப்யூட்டரின் பிராசஸருக்குள் எட்டு கோர், அதாவது எட்டு குட்டி மூளைகள். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவன் கௌதம். ஆயுத பூஜை லீவு முடிந்த கையோடு, சிப் கம்பெனி சொன்ன வேகம் நமக்குப் போதாது என்று ஓவர்க்ளாக் செய்து முடுக்கிவிட்டவர் பிளான்ட் மேனேஜர் குருமூர்த்தி.

அன்றிலிருந்து ஆறாவது கோர் கொதிக்கிறது. பாதி வேலையில் கம்ப்யூட்டர் அணைந்துபோகிறது. குருமூர்த்தி முதலில் கரண்ட்டைக் குறை சொன்னார், பிறகு பாகலூர் ரோட்டு லாரிப் புழுதியை. வெளியாட்கள் தீர்ந்ததும் கௌதமிடம் வந்து சேர்ந்தார்.

நாளைக்கு கஸ்டமர் வருகிறார். கௌதமின் கவலை அதுவல்ல. அவனைப் பெர்மனன்ட் ஆக்கும் ஆர்டர் குருமூர்த்தியின் கையெழுத்துக்குக் காத்திருந்தது; அந்த ஆர்டருக்காகக் குருபரப்பள்ளியில் பெண் வீட்டார் காத்திருந்தார்கள்.

குருமூர்த்தி உள்ளே வந்தார். தரக் கட்டுப்பாட்டில் பிளாக் பெல்ட் பட்டம் வாங்கியவர். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வராததுதான் குறை.

"சயின்டிஃபிக்கா யோசிக்கணும் கௌதம். ஏன் சூடு? அது ஏன்? அதுவும் ஏன்? அஞ்சு தடவை ஏன் கேட்டா, உண்மை தானா வந்து கையைக் கட்டி நிக்கும்."

சொல்லிக்கொண்டே வெள்ளைப் பலகையில் ஒரு மீன் முள்ளை வரைந்தார். காரணம் தேடுவதற்கான படமாம். மனிதன், மெஷின், பொருள், முறை என்று நாலு முள். நாலும் கௌதமைப் பார்த்தே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஓவர்க்ளாக் பண்ணதுனாலதான் சார்..."

"எட்டுக்கும்தானே பண்ணேன்? ஏழு ஏன் சும்மா இருக்கு? நான் தொட்டது கீபோர்டை. உள்ளே கை வெச்சது யாரு? நீ!"

மேனேஜர் பேச்சில் நியாயம் இருந்துவிட்டால் தப்பிக்க வழியே கிடையாது.

"திறந்தே பார்த்துடலாமே சார்" என்றாள் ஜோதிமணி. "வயித்து வலிக்குச் சட்டை மேலயே எத்தனை நாளைக்குத் தைலம் தடவறது?"

குருமூர்த்தி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மேஜையை நெருங்கினார்.

"ஸ்டாட்டிக் கரண்ட். சிப்புக்கு ஆகாது. இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லித் தரப் போறாங்க?"

மற்ற இருவரும் கழற்றினார்கள். அறிவியல் என்றால் அறிவியல்.

கௌதம் பக்கத் தகட்டை எடுத்தான்; பிராசஸர் மேல் உட்கார்ந்திருந்த கூலரின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மெல்லத் திருகித் தூக்கினான். கீழே, சூட்டைக் கூலருக்குக் கடத்தும் சாம்பல் நிறப் பேஸ்ட்டின் ஒரு மூலையில், காய்ந்து பொருக்காகிப்போன சந்தனம். நடுவில் குங்குமம். ஆறாவது கோர் இருந்த அந்த மூலையில் மட்டும் கூலர் சிப்பைத் தொடவே இல்லை.

"அடப்பாவி, சிப்புக்கு நெத்திப் பொட்டு!" என்றாள் ஜோதிமணி.

"நான் மாட்டினப்ப இது இல்லைங்க சார். சத்தியமா!"

குருமூர்த்தியின் முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு சிவந்தது. சிவந்த பிறகு நாக்கு திரும்பிவிட்டது.

"நிலாவுக்கு ராக்கெட் விடற நாடுய்யா இது! லேத்துக்குப் பொட்டு வை, லாரிக்கு வை, கேட்டுல பூசணிக்காய் உடை, நான் கேட்டேனா? சிப்புக்குள்ளயா வெப்பே? இந்த மூடநம்பிக்கைதான்யா நம்ம நாட்டையே ஹீட் பண்ணுது!"

"சார், பொங்கல் குடுத்தாத்தான் இவன் கோயில் பக்கமே போவான். இவனாவது பொட்டு வெக்கறதாவது!"

"நீ சும்மா இரும்மா. ரூட் காஸ் கண்ணு முன்னாடி நிக்குது. இவனுக்குப் பெர்மனன்ட் ஒரு கேடா? நாளைக்கே எச்.ஆர்.ல போய்க் கணக்கை முடிச்சுக்கச் சொல்லு."

குருபரப்பள்ளிப் பெண் அந்த நொடியில் வேறு யாருக்கோ நிச்சயமாகிப் போனாள். போகிற வேலை போகட்டும், நாளைக்கு மெஷினாவது ஓடட்டும் என்று கௌதம், வலது கையில் கூலரைப் பிடித்தபடியே இடது கையால் ஒரு டிஷ்யூவை உருவிப் பொட்டின் மேல் கொண்டுபோனான்.

குருமூர்த்தி பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இங்கிலீஷ் வர நேரமில்லை.

"ஐயையோ, இடது கையால துடைக்காதய்யா! விரதம் இருந்து நான் வெச்ச பொட்டு!"