மூன்றாவது டப்பா

"அத்தை, கீழே கிடந்ததை எடுத்தா அது திருட்டா?"

ஒரு மாதத்துக்கு முன்பு அண்ணன் மகள் பாப்பா கேட்ட கேள்வி. வகுப்புத் தரையில் கிடந்த யாருடைய ரப்பரையோ எடுத்து வந்துவிட்டு, அரசு அதிகாரியாக இருக்கும் அத்தையிடம் தீர்ப்புக்கு வந்திருந்தாள். யாருடையது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். சொன்ன நாள் முதல் அத்தைக்குத்தான் நிம்மதி போயிற்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளும் அண்ணியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்று பிஸ்கட் டப்பாக்கள். மூடிகளில் அண்ணியின் கையெழுத்து: தெரியும், அரைகுறை, தெரியாது.

அரசுப் பணித் தேர்வு எழுத அண்ணிக்கு இது கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும்.

டப்பா முறை அண்ணி கண்டுபிடித்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு இருவரும் இதே தேர்வுக்குச் சேர்ந்து படித்தபோது, பொடி எழுத்தில் ஆறு பக்கம் நீண்ட பாடத்திட்டத்தைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது என்று அதைத் தலைப்பு தலைப்பாகக் கத்தரித்தாள். ஒவ்வொன்றையும் சோப்பு அட்டையில் ஒட்டினாள். படிக்கப் படிக்க ஒவ்வொரு துண்டும் மூன்றாவது டப்பாவிலிருந்து முதல் டப்பாவுக்கு நகரவேண்டும். தாள்தான் துண்டு துண்டாகிவிட்டதே. டப்பாவில் இல்லாதது பாடத்திலும் இல்லை என்று ஆகிவிட்டது.

அண்ணி கத்தரித்து முடித்த அன்று மேசைவிரிப்பை உதறிப் போட்டு, அறையைப் பெருக்கியது அவள். தரையில் ஒரு துண்டு கிடந்தது: 'பேரிடர் மேலாண்மை'. கைக்கும் டப்பாவுக்கும் ஒரு முழம்தான் தூரம். அவள் அதை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டாள்.

தீக்குச்சியைக்கூட எண்ணி வைப்பவள் என்று அண்ணன் கேலி செய்யும் அண்ணி, அந்தத் துண்டுகளை மட்டும் எண்ணவே இல்லை. போதாததற்கு, இரண்டு நாள் கழித்து ஜன்னலோர நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். படிக்கிற பெண் அடுப்படிக்கு வரக்கூடாது என்று தடை போட்டாள். அண்ணி கொண்டுவந்து வைத்த காபி ஒவ்வொன்றும் அவளுக்குக் கசந்தது.

தேர்வில் அதே தலைப்பில் பதினைந்து மதிப்பெண் கேள்வி. அவள் மூன்று பக்கம் எழுதினாள். வெளியே வந்த அண்ணியோ ஒரு கேள்வியைத் தொடவே இல்லை என்றாள். தெரியவில்லையா என்று கேட்டதற்கு, "தெரியாதுன்னு இல்ல," என்று முனகிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அவளுக்கு வேலை கிடைத்தது. நாலே மதிப்பெண்ணில் அண்ணிக்குக் கைநழுவிப் போயிற்று. பிறகு பாப்பா பிறந்தாள், அம்மா படுக்கையில் விழுந்தார். அண்ணியின் டப்பாக்கள் அலமாரியின் உச்சிக்குப் போயின.

"பழைய துண்டே போதும், ஆபீசரம்மா. புதுசா சேர்ந்ததை மட்டும் வெட்டிக்கலாம்," என்றாள் அண்ணி. புதிய பாடத்திட்டத்தை அண்ணி வரிவரியாக வாசிக்க, அவள் டப்பாக்களில் தேடி எடுத்து வைத்துக்கொண்டே வந்தாள். அந்தத் தலைப்பு இருக்கும் மூன்றாம் பக்கம் வந்தபோது அவள் கை கண்ணாடிக் கூட்டுக்குப் போயிற்று.

நல்லவேளையாகப் பால் பொங்கியது. அண்ணி உள்ளே ஓடினாள். பாப்பா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, பழுப்பேறிய துண்டை மூன்றாவது டப்பாவின் அடியில் செருகினாள். இவ்வளவாவது செய்ய விட்டாயே, ஆண்டவனே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

அண்ணி திரும்பி வந்து, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தாள். சுற்றுச்சூழல் மாசு. அடுத்தது ஊரக வளர்ச்சி.

தாள் தலைகீழாகத் தெரிந்தாலும் அவளுக்குப் புரிந்தது. நடுவில் ஒரு வரி இருந்தது.

"ஒண்ணை விட்டுட்டீங்க, அண்ணி."

"அது டப்பாவுல இருக்காது," என்றாள் அண்ணி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கு, அண்ணி." எடுத்து நீட்டினாள்.

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

"பெருக்கறப்ப தரையில கிடந்துச்சு. தெரிஞ்சேதான் எடுத்தேன். இந்த வேலை உங்களுது, அண்ணி."

அண்ணி கோபப்படுவாள் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமிதான் எடுத்துக்கிட்டாருன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். அதான் அந்தக் கேள்வியத் தொடவே இல்ல."

அவள் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள்.

"மேசைவிரிப்புக்கு அடியில உனக்குத் தெரியாம நான் ஒளிச்சு வச்சது, தரைக்கு எப்படிடி வந்துச்சு?"