பாதியில் நின்ற தோட்டா

“அண்ணா, நான் சுடப்போறது அட்டையில போட்ட வட்டத்தை, யானையை இல்ல!” தங்கை கத்துகிறாள். “மாப்பிள்ளை சொன்னா கேளு!” என்று அண்ணன் அதற்கு மேல் கத்துகிறான். துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைக்கும் இரண்டு ஆண்களின் தோள்களுக்கும் நடுவே அவள் நெருக்குண்டு நிற்கிறாள். குறிசுடும் பயிற்சிக்காக அவள் பொறுக்கிய சின்னத் தோட்டா மட்டும் போடும் பாயிண்ட் டூ டூ ரிவால்வர், நிச்சயம் செய்த மாப்பிள்ளையின் கையில் இருக்கிறது. துப்பாக்கியைத் தொட்டே அறியாத அந்த மகராசன், பெரிய மேக்னம் தோட்டா ஒன்றை அதில் கட்டைவிரலால் திணிக்கிறார். அது பாதியில் நிற்கிறது. “அழுத்தாதீங்க சார், விளிம்புல அடிபட்டாலே வெடிக்கிற ரகம்!” கடைக்காரர் பதறுகிறார். “போகப்போகச் சரியாயிடும்,” என்கிறார் மாப்பிள்ளை, அவள் முகத்தைப் பார்த்து. குழல்விளக்கு முனகுகிறது. அவருடைய சென்ட் வாசனையில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. கதவை அண்ணனின் முதுகு மறைத்திருக்கிறது. அவள் மெல்ல ரிவால்வரை வாங்கி, தோட்டாவை உருவிக் கண்ணாடிமேல் வைக்கிறாள். “எனக்குச் சின்னத் தோட்டாவே குடுங்க. இவருக்கு ஒண்ணும் வேணாம்.”

மாப்பிள்ளை அடுத்த மாதமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். இவள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். கதவை மறைத்த அண்ணனுக்குத்தான் இன்றுவரை அவள் விலாசம் தெரியாது.