விசில் இல்லாத குக்கர்

கிறிஸ்துமஸுக்குக் கடைக் கேக் வாங்க அந்த வருஷம் வழியில்லை. பிலோமினா குக்கரின் விசிலையும் கேஸ்கட்டையும் கழற்றி மேடைமேல் வைத்தாள். குக்கருக்குள் உப்பைப் பரப்பி, கேக் மாவுக் கிண்ணத்தை அதன்மேல் இறக்கி மூடினாள்.

விசிலுக்குச் சிரிப்பு வந்தது. "நான் கத்தினாத்தான் நீ சமைக்கிறது தெருவுக்கே தெரியும். இன்னைக்கு உன்னை யாரு கண்டுக்குவா?"

குக்கர் சிறு தீயில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு ஆயிஷா வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே மாடிவீட்டுப் பிள்ளைகள்.

"அக்கா, கேக் சுடுறீங்களா? தெருமுனை வரைக்கும் மணக்குது!"

விசில் திகைத்துப்போனது. "டேய், நீ எப்படா கத்துன?"

பிலோமினா மூடியைத் திறந்தாள். கேக் பொன்னிறமாக உப்பி நின்றது.

"மேடையில தட்டு வைக்க இடம் பத்தலை," என்றது குக்கர். "நீ கொஞ்சம் தள்ளிக்கோ."