நிற்காத மணி

முதல் மணி அடித்தபோது ரைன்ஹில்டே வண்டியின் மேல் கித்தானை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கை அப்படியே நின்றது.

கரடி ஓடைப் பள்ளத்தாக்கில் யார் இறந்தாலும் தேவாலய மணி அடிக்கும். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஒரு வயது நிரம்பாத பிள்ளை என்றால் ஒன்றே ஒன்று.

போன வருடம் அறுவடை முடிந்த வாரத்தில் அந்த ஒற்றை அடி அவள் வீட்டுக்காக விழுந்தது.

இரண்டு. மூன்று. நான்கு.

ஜெர்மனியை விட்டு டெக்சாஸுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது இந்த எண்ணிக்கையைத்தான். ஏழில் நின்றது, பாம்பு தீண்டிய பிள்ளை. பத்தொன்பதில் நின்றது, தலைப்பிரசவம். முப்பத்தொன்றில் நின்றவனை ஓடை வெள்ளம் இழுத்துப்போயிருந்தது.

அடுத்த எண் யாருடையது என்று காத்துக் கிடக்க இனி முடியாது. கால்வெஸ்டன் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறிவிடலாம் என்று அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள். கணவன் யோஸ்ட் இரண்டு வாரம் வாதாடிப் பார்த்துவிட்டு, இன்று காலையில் பேசாமல் மாடுகளைப் பூட்டினான்.

பத்தொன்பது தாண்டியது.

முப்பத்தொன்றும் தாண்டியது.

நாற்பதுக்கு மேல் போனதும் யோஸ்ட் தலையை நிமிர்த்தினான். மணியடிக்கும் வைட்டுக்கு ஒரு தோள் சரியாக வராது. தீப்பிடித்தாலும் ஊரைக் கூட்ட இதே மணிதான்; சாவுக்கும் தீ விபத்துக்கும் அவன் கையில் ஒரே நிதானம்தான்.

"இவ்வளவு நேரம் அடிக்கிறான்னா எங்கயோ தீப்பிடிச்சிருக்கு," என்று யோஸ்ட் கிணற்றில் ஒரு வாளி சேந்திக்கொண்டு ஓடினான். பக்கத்து வயல்களிலிருந்தும் ஆட்கள் வாளியோடு ஓடுவது தெரிந்தது.

அவள் மட்டும் எண்ணிக்கொண்டே நின்றாள்.

அறுபது தாண்டியதும் புரிந்துவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் அறுபதைக் கடந்தவள் ஒருத்திதான்.

தெக்லாம்மா.

முதல் கப்பலில் வந்தவர்களில் அவள்தான் மூத்தவள். நாற்பத்து நாலு வயதில் புது தேசத்துக்கு எதற்கு, எலும்பைப் போடவா என்று கூட வந்த இளவட்டங்கள் கேலி பேசினார்களாம். இறங்கிய கடற்கரைக்கு வரவேண்டிய வண்டிகள் வரவில்லை. மழையிலும் காய்ச்சலிலும் ஆறு வாரம் கிடந்தார்கள். புருஷனையும் இரண்டு பெண்களையும் அந்த மணலில் புதைத்துவிட்டு, அடுத்தவர் மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்தே இங்கு வந்து சேர்ந்தாள்.

முதல் கிணற்றுக்கு இடம் காட்டியவள் அவள். பிறகு கல்தச்சன் எம்மெரிக்கைக் கட்டிக்கொண்டு, நாற்பத்தாறாவது வயதில் டோரெட்டேயைப் பெற்றாள். கப்பலில் சிரித்தவர்களே கோழிச்சாறு காய்ச்சி எடுத்துக்கொண்டு பிள்ளை பார்க்க வந்தார்கள்.

ரைன்ஹில்டேயின் குழந்தையைப் புதைத்த அன்று தெக்லாம்மா நாலு மைல் நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேதவசனம் எதுவும் சொல்லவில்லை. அந்த மணலிலிருந்து எப்படி எழுந்து வந்தீர்கள் என்று ரைன்ஹில்டேதான் கேட்டாள்.

"எங்கடி எழுந்தேன்? அழுதுட்டேதான் மாடு கறந்தேன். மாடு ஒண்ணும் சொல்லல. பாலும் கரிக்கல."

அன்று அது ஆறுதலாக இல்லை. கிழவிக்கு மனசு மரத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

எழுபத்து மூன்று. எழுபத்து நாலு. எழுபத்தைந்து.

ஓசை நின்ற பிறகும் அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

யோஸ்ட் மதியம்தான் திரும்பினான், வெறுங்கையோடு. வாசல்படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான்.

தேவாலயத்தின் முன்னால் நாற்பது பேர் வாளியும் நனைத்த சாக்குமாக மூச்சிரைக்க நின்றார்களாம். எங்கே தீ, எங்கே தீ என்று ஆளுக்காள் கேட்க, கணக்குத் தப்பிவிடும் என்று வைட் வாயே திறக்கவில்லை. டோரெட்டே வெளியே வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. நோயில்லை, நொடியில்லை. காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, காப்பி கொண்டு வா என்று மகளிடம் சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். கோப்பையோடு மகள் வருவதற்குள் போய்விட்டாள்.

கூட்டத்தில் யாரோ தன் கையிலிருந்த வாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். டோரெட்டேயும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதிலேயே அம்மாவைக் குளிப்பாட்டலாம் என்றாள். ஊரே வரிசையாக வாளிகளைச் சுமந்துகொண்டு போய் தெக்லாம்மாவின் வீட்டில் வைத்துவிட்டு வந்தது.

இந்த மணி வந்து முப்பத்தொரு வருடமாகிறது, வெறும் முதுமையால் ஒருவர் இறந்து இன்றைக்குத்தான் அடிக்கிறேன் என்று வைட் கடைசியில் சொன்னானாம். சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை மாதிரி ஏதோ இருந்தது என்றான் யோஸ்ட்.

அதற்குப் பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். மாடுகளின் கழுத்தில் நுகத்தடி இல்லை. இரண்டும் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தன.

கேட்டால் அவள் மனம் மாறிவிடுமோ என்று பயந்தவன் போல அவன் எழுந்து வந்து கித்தானை அவிழ்க்கக் கை கொடுத்தான்.

ரைன்ஹில்டே மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த தொட்டிலை வெளியே இழுத்தாள்.

அதைப் பரணில் போட்டுவிடலாம், கண்ணெதிரே காலியாகக் கிடந்து எதற்கு உன்னை வாட்டவேண்டும் என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

"உள்ளேயே இருக்கட்டும்," என்றாள் அவள். "எனக்கு மூணு மாசம்."