கிடைத்ததற்கு நன்றி

“தோள்பட்டை ரெண்டும் தீயா எரியுது டீச்சர். நின்னுக்கிட்டுப் பேச முடியாது, உக்காந்துக்கறேன்.”

மெரிடா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். விடிந்ததிலிருந்து ரோட்டோரம் ஜல்லி உடைத்துவிட்டு வந்தவள். புருவத்தில்கூடக் கல்தூள்.

தலைமை ஆசிரியை பிதாலியா வெற்றிலையும் பச்சைப் பாக்கும் இருந்த தட்டை அவள் பக்கம் தள்ளினாள். ஜயந்தியா மலையில் பாக்கு வாய்க்குள் போன பிறகுதான் எந்தப் பேச்சும் ஆரம்பிக்கும்.

“ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல கிறிஸ்துமஸ் நன்றி ஆராதனை. பெத்தவங்க சார்புல இந்த வருஷம் நீதான் பேசணும்.”

“நானா? கல்லோட பேசச் சொல்லுங்க, பேசறேன். வேற ஆளு கிடைக்கலையா?”

“ஹெய்மோன் ஐயா உன் பேரைத்தான் சொன்னாரு.”

மெரிடா மெல்வதை நிறுத்தினாள்.

ஹெய்மோன் நிலக்கரி முதலாளி. பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தவர். மெரிடாவின் மகள் பன்ரிக்கு ஃபீஸ் கட்டுவதும், அவள் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி அனுப்புவதும் அவர்தான். வரும் வருடம் ஐந்தாம் வகுப்புக்கு ஓர் அறை கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அறை வராவிட்டால், நாலாவது முடித்த பன்ரியும் அவள் கூட்டாளிகளும் சுத்தியலைத்தான் தூக்க வேண்டும். டவுனில் சேர்க்க இங்கே யாருக்கும் வக்கில்லை.

சமையல்காரி லாரிஷா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

“பேசட்டும் டீச்சர், அவ பேசாம வேற யாரு பேசறது? ஊர்ல எத்தனை வீடு இருக்கு, மூட்டை இவ வீட்டு வாசல்ல மட்டும்தானே இறங்குது. புருஷன்காரன் சில்சார் டவுன்ல எவ வீட்லயோ போய்ப் படுத்துட்டான்னா, சும்மாவா படுத்தான்?”

“உன் உலையைப் பாருடி,” என்றாள் பிதாலியா.

அதட்டினாளே தவிர, அவள் மனசிலும் அதேதான் ஓடியது. மெரிடாவின் புருஷன் கிர்மென் மழைக்காலத்தில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போனான். மெரிடா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்க்கவில்லை. அவன் போன பிறகுதான் அரிசி வரத் தொடங்கியது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மெரிடா சமையல்காரியை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

“உனக்கும் ஒரு மூட்டை வேணும்னா சொல்லு, ஐயாகிட்டக் கேக்கறேன். என்ன விலைன்னு மட்டும் என்கிட்டக் கேக்காத.”

லாரிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிதாலியாவுக்குக் காது கூசியது.

“டீச்சர், ஒண்ணு கேக்கறேன். சபை முன்னால நன்றி சொல்லி, எல்லாரும் ஆமென் சொல்லிட்டா, அந்தக் கணக்குத் தீர்ந்ததுதானே?”

“அதுதானே நம்ம வழக்கம். அப்புறம் குடுத்தவனும் சொல்லிக்காட்டக் கூடாது, வாங்கினவனும் வாயைத் திறக்கக் கூடாது.”

“அப்ப ஐயா குடுத்ததையெல்லாம் சொல்லிடணும்.”

“ஒண்ணு விடாம சொல்லு. மனுஷன் குளிர்ந்து போகட்டும். பாத்துப் பேசு மெரிடா, அந்த வகுப்பறை உன் வாயிலதான் இருக்கு.”

“சரி, சொல்றேன்.” பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கொள்ளாத கூட்டம். பிள்ளைகள் பாடினார்கள். ரிசல்ட் வாசித்தார்கள், பன்ரி நாலாம் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாள். ஹெய்மோன் முன்வரிசையில், போதகருக்குப் பக்கத்தில், கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். மெரிடா கட்டம் போட்ட சால்வையைத் துவைத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். கல்லடிக்கிறவள் நிற்கிற மாதிரியே காலை அகட்டி நின்றாள்.

“ஹெய்மோன் ஐயா இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டாரு. இந்த மழைக்கு எந்தப் பிள்ளையும் நனையல. அதுக்கு நன்றி.”

“ஆமென்,” என்றது கூட்டம்.

“என் மகளுக்கு ஃபீஸ் கட்டினாரு. நன்றி.”

“ஆமென்.”

“அரிசி அனுப்பினாரு. குளிருக்கு ரெண்டு கம்பளி குடுத்தாரு. பட்டினி கிடக்கல, நடுங்கல. நன்றி.”

“ஆமென்.”

ஹெய்மோன் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். பின்வரிசையில் லாரிஷா யாரையோ முழங்கையால் இடித்தாள். பிதாலியா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். வகுப்பறைக்கு எங்கே அஸ்திவாரம் தோண்டலாம் என்றுகூட யோசித்துவிட்டாள். முடிவு ஜெபத்துக்காகப் போதகர் எழுந்து கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் இருங்க போதகரே, இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றாள் மெரிடா. குரல் உயரவில்லை. ஹெய்மோனை நேராகப் பார்த்தாள்.

“வாயைத் திறந்தா பிள்ளையோட படிப்பு நின்னுடும்னு சொன்னீங்க, ஊர் பேசின சில்சார் கதைக்கெல்லாம் இத்தனை நாள் தலையாட்டிட்டு இருந்தேன். ஐயா, இதுவரைக்கும் கிடைச்சதுக்கெல்லாம் கணக்குத் தீர்ந்தது. மழைக்காலத்துல தண்ணி புகுந்துச்சே உங்க நிலக்கரிக் குழி, அதுக்குள்ள வேலைக்கு இறங்கின என் புருஷன் கிர்மென் இன்னும் அங்கேயே கிடக்காரு. எலும்பாவாவது அவரை நீங்க எனக்கு எடுத்துக் குடுக்க வேண்டியது பாக்கி.”