தவமலர் அன்ரியின் மூக்கடைப்பு

மோர்னிங்சைட்டில் எங்கள் தெருவே கதைத்துக் களைத்த சங்கதி, பக்கத்து வீட்டுத் தவமலர் அன்ரிக்கு மட்டும் தெரியவில்லை. அவருடைய மகன் நிரூஷன் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் இருந்து கஞ்சா புகைக்கிறான். மணம் என் குசினி அடுப்படிவரை வருகிறது.

அன்ரிக்கோ வசந்தம் வந்தால் அலர்ஜி. மகரந்தம் பட்டு மூக்கு உள்ளே வீங்க, சளி இறங்க வழியில்லாமல் நெற்றியை அமுக்குமாம். அந்த மூக்கைத் திறந்துவிட்டால் மிச்சத்தை அதுவே கண்டுபிடிக்கும் என்று புறப்பட்டேன். பிள்ளை பாழாய்ப் போகிறானே!

"ஆவி பிடிச்சீங்களோ அன்ரி?"

"ஓம் பிள்ளை, விடுகுதில்லை."

"உப்புத்தண்ணியாலை மூக்கைக் கழுவுங்கோ. யன்னலைப் பூட்டி வையுங்கோ. அலர்ஜிக் குளிசை போட்டனீங்களோ?"

"எல்லாம் செய்தாச்சு. ஒரு மணமும் தெரியுதில்லை."

சொல்லி வாய் மூடவில்லை, "ஐயோ, கறி அடிப்பிடிக்குது!" என்று எழும்பி ஓடினார். எனக்கே அந்த மணம் இன்னும் வரவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தவரிடம் கேட்டேன்.

"அன்ரி, உங்கடை மூக்கு நல்லாத்தானே இருக்கு?"

பேஸ்மென்ற் கதவைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெல்லக் கதை பிள்ளை. மூத்தவனும் உப்பிடித்தான். மணக்குதெண்டு ஒருநாள் சொல்லிப்போட்டன். அண்டைக்கு வெளிக்கிட்டவன், இண்டைவரைக்கும் எங்கை இருக்கிறானெண்டே தெரியாது."